கருப்பட்டிக் கடைக்கு வலைப்பூ எதற்கு?

கடைத்தெரு: வாசகர் கேள்வி – பதில்

சிறுதொழில் செய்வோர் தமக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்புகின்றன. தளம் இருக்கட்டும், அதில் வலைப்பூ என்று ஒரு பகுதியைத் திறந்து தொடர்ந்து கட்டுரை எழுதவும் வேண்டுமா என்பதே அந்த ஐயம். கடிதங்கள் பெரும்பாலும் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்திருப்பதால், இம்முறை அப்பகுதி வாசகர்களுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

*

ஐயா, சாயல்குடிப் பக்கம் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்று வருகிறது. பனையேறிகளிடம் பேசிச் சரக்கெடுப்பது என் கணவர். கணக்கும் பார்சலும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு வெளியூர்க்காரர் ஒருவரிடம் பணம் கொடுத்து இணையதளம் செய்துகொண்டோம். இப்போது அவர், "வலைப்பூ இல்லாத தளத்தைக் கூகுள் மதிக்காது. மாதம் எட்டுக் கட்டுரை நாங்களே எழுதிப் போட்டுவிடுகிறோம், 6,000 ரூபாய் கொடுங்கள்" என்கிறார். மாதிரிக்கு ஒரு கட்டுரையும் அனுப்பியிருக்கிறார். அதன் தலைப்பு 'கருப்பட்டியின் பத்து நன்மைகள்'. கொடுக்கலாமா?
– வாசகி, சாயல்குடி

அந்த 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். வலைப்பூவே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. உங்களுடையதைப் போன்ற தொழிலுக்குத்தான் அது உண்மையில் உதவும். ஆனால் அதை எழுதும் தகுதி உங்கள் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உண்டு, கருப்பட்டியைக் கண்ணால் பார்த்திராத கட்டுரை வியாபாரிக்கு இல்லை.

வலைப்பூ இல்லாத தளத்தைக் கூகுள் மதிக்காது என்பது உண்மையன்று. ஒருவர் தட்டிய கேள்விக்கு எந்தப் பக்கத்தில் விடை இருக்கிறது என்பதைத்தான் தேடுபொறி பார்க்கிறது. உங்கள் தளத்தில் இப்போது விலைப்பட்டியலும் கைப்பேசி எண்ணும் மட்டுமே இருப்பதால், கடையின் பெயரை ஏற்கெனவே தெரிந்தவர் மட்டுமே அங்கு வந்து சேர்வார். மழைக்காலத்தில் இளகிப்போன கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது கெட்டுவிட்டதா என்று தேடும் கோயம்புத்தூர்க்காரருக்கு உங்கள் கடை இருப்பதே தெரியாது. அவருடைய கேள்விக்கான விடையைத் தனிப் பக்கமாக எழுதி வைப்பதற்கான அலமாரிதான் வலைப்பூ. வைக்கச் சரக்கில்லாமல் அலமாரியை மட்டும் வாங்குவதில் பயனில்லை.

'பத்து நன்மைகள்' சரக்கா என்றால், அது ஊரெல்லாம் கிடைக்கும் சரக்கு. அதே தலைப்பில் அதே பத்தையும் வரிசை மாற்றி எழுதிய பக்கங்கள் இணையத்தில் ஏராளமாக உள்ளன. தேடுபொறியை ஏமாற்றுவதற்காக எழுதப்படும் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதற்கென்றே கூகுள் 2022 ஆகஸ்டில் தன் முறையை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டியில் எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. 2024 மார்ச்சில், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களைக் குப்பையாகக் கருதுவோம் என்று விதிமுறையிலேயே எழுதியது. ஆகவே நீங்கள் மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்கப்போவது பயனற்றது என்பதோடு, உங்கள் தளத்துக்குக் கெடுதல் செய்யவும் கூடும்.

அந்த மாதிரிக் கட்டுரையில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மூன்றாவது நன்மையாக, கருப்பட்டி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று அவர் எழுதியிருக்கிறார். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான் என்பது ஒருபுறமிருக்க, சர்க்கரை நோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யான உரிமைகோரல் செய்வதை உணவுப் பாதுகாப்புத் துறையின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. புகார் எழுந்தால் கட்டுரை எழுதியவரை யாரும் தேடமாட்டார்கள். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் உங்கள் 14 இலக்க உரிம எண்ணைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே தளத்தில் ஏறியிருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் எழுத வேண்டியது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குத் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர் சொன்ன சொல்லிலேயே குறித்து வையுங்கள். "அண்ணாச்சி, சீனி கலக்காததுதானே?", "போன தடவை வந்ததைவிட இது ஏன் இவ்வளவு கருப்பாக இருக்கிறது?", "காப்பியில் போட்டால் பால் திரிகிறதே, ஏன்?", "மழைக்காலத்தில் எதில் போட்டு வைப்பது?", "ஐப்பசியில் ஏன் விலை ஏறுகிறது?" என்று மாத முடிவில் இருபது முப்பது சேர்ந்திருக்கும். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த பத்துப் பன்னிரண்டுதான் உங்கள் வலைப்பூ. வாங்க நினைக்கும் ஒருவர் வாங்குவதற்கு முன் தயங்கி நிற்கும் இடம் எதுவோ, அதைத்தான் அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் காட்டுகின்றன. தயக்கத்தைத் தீர்க்கும் பக்கம் விற்கும். புகழ்ச்சிப் பக்கம் விற்காது.

ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 'ஐப்பசியில் ஏன் விலை ஏறுகிறது' என்பதற்கு, பனை பதநீர் தருவது ஆண்டில் சில மாதங்கள்தான் என்பதையும், அந்த மாதங்களில் பனையேறி நாள்தோறும் மரமேறிப் பாளை சீவுவதையும், பதநீர் புளித்துப்போகாதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதையும், பதநீரை வற்றக் காய்ச்சிப் பாகைச் சிரட்டையில் ஊற்றுவதையும் நீங்கள் பேசுவதுபோலவே எழுதலாம். எத்தனை லிட்டர் பதநீருக்கு எத்தனை கிலோ விழுந்தது, விறகுக்கு எவ்வளவு ஆயிற்று, ஏறுகூலி என்ன, பருவம் முடிந்த பின் ஐந்தாறு மாதம் ஈரம் படாமல் இருப்பு வைப்பதில் எவ்வளவு இளகி வீணாகிறது என்ற கணக்கை உங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்துக் கொடுங்கள். இந்தக் கணக்கைப் படித்தவர், பாதி விலைக்குக் கருப்பட்டி விற்கும் இடத்தில் என்ன கலந்திருக்கும் என்று தாமாகவே யோசித்துக்கொள்வார். பிறர் சரக்கைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

விலையைப் பற்றி வெளிப்படையாக எழுதுவதற்கு வியாபாரிகள் பொதுவாக அஞ்சுவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வீடுகளுக்கு நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்ற சிறு நிறுவனம், 2008-இல் வந்த பொருளாதாரச் சரிவில் மூடும் நிலைக்குப் போனது. விளம்பரத்துக்குக் கையில் பணமில்லாத நிலையில், அதன் பங்குதாரர்களில் ஒருவர் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடையெழுதத் தொடங்கினார். போட்டியாளர்கள் நழுவிவந்த 'ஒரு குளத்துக்கு எவ்வளவு ஆகும்' என்ற கேள்விக்கும் நேரடியாக எழுதினார். நிறுவனம் மீண்டதில் அந்த எழுத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று அவர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தக் கதையை அப்படியே சாயல்குடிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஒரு குளம் விற்றாலே பல கட்டுரைகளின் உழைப்புக்குக் கூலி கிடைத்துவிடும். இரண்டு கிலோ கருப்பட்டி விற்றால் பார்சல் செலவு போக என்ன மிஞ்சும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சில்லறை வாங்குவோரை மட்டும் மனத்தில் வைத்து எழுதாதீர்கள். சென்னையில் மரபு உணவுக் கடை நடத்துபவர், கடலைமிட்டாய்க்கும் அதிரசத்துக்கும் மூட்டைக் கணக்கில் கருப்பட்டி தேடும் பலகாரக் கடைக்காரர் ஆகியோரும் இதே கேள்விகளைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கினாலும், பன்னிரண்டு கட்டுரைக்குச் செலவிட்ட மாலைப்பொழுதுகள் வீணாகா.

ஆம், பன்னிரண்டு போதும். வாரந்தோறும் எழுதினால்தான் ஆயிற்று என்பதை நம்பாதீர்கள். இந்த இதழுக்கு வருமுன் நான் இராமநாதபுரத்தில் சிறு அச்சகம் ஒன்று நடத்தினேன். அதன் தளத்திலும் வலைப்பூ இருந்தது. முதல் மாதம் உற்சாகத்தில் ஐந்து பதிவுகள் எழுதினேன். அதன் பிறகு ஒரு பொங்கல் வாழ்த்து, ஒரு தீபாவளி வாழ்த்து, மறுபடி ஒரு பொங்கல் வாழ்த்து, அத்தோடு நின்றுபோனது. இரண்டு ஆண்டு கழித்துத் திருமண அழைப்பிதழ் அடிக்க வந்த ஒருவர், "தளத்தைப் பார்த்துவிட்டுக் கடையை மூடிவிட்டீர்களோ என்று நினைத்தேன்" என்றார். அழைப்பிதழை எத்தனை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும், முந்நூறு அடித்தால் என்ன விலை, ஐந்நூறு அடித்தால் என்ன விலை என்று ஒவ்வொருவரும் என்னிடம் கேட்ட எதையும் நான் அங்கு எழுதியிருக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பருவம் முடிந்து அடுப்பு ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எழுதி வைத்துக்கொண்டு, மாசிக்குள் ஏற்றிவிட்டால், புதுக் கருப்பட்டி வரும்போது பக்கங்கள் தயாராக இருக்கும். புதிய பக்கங்கள் தேடலில் ஓரளவு மேலே வருவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால், முதல் மாதத்திலேயே கணக்குப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம்.

தமிழில் எழுதுங்கள். ஆனால் 'கருப்பட்டி' என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் நிறைய இருப்பதால், தலைப்புக்குக் கீழே அந்த வடிவத்தையும் ஒருமுறை எழுதி வைப்பது நல்லது. எந்தச் சொல்லைத் தட்டி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். தளம் செய்தவரிடம் கேட்டு அதை உங்கள் மின்னஞ்சலில் இணைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இன்னொன்றையும் மறவாமல் கேளுங்கள். உங்கள் தளத்தின் முகவரி, அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அவர் பெயரில் இருந்தால், 6,000 ரூபாயை மறுத்த பிறகு அது ஒரு பேரப் பொருளாகிவிடும். கேள்வியை முதலில் கேட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, பிறகு மறுப்பைத் தெரிவியுங்கள்.

*

இராமேசுவரத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். 2019 முதல் எங்கள் தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். ஒரு காலத்தில் 'மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வருவது எப்படி' என்ற கட்டுரையைப் படித்துவிட்டு நாள்தோறும் நாலைந்து பேர் பேசுவார்கள். இப்போது யாரும் படிப்பதில்லை, நிறுத்திவிடலாம் என்கிறான் மகன். போதாக்குறைக்குச் சென்ற வாரம் ஒருவர் குடும்பத்தோடு மண்டபத்தில் இறங்கிவிட்டு, "உங்கள் தளத்தில் இரயில் அதுவரைதான் என்று போட்டிருந்தது" என்று சண்டை போட்டார். என்ன செய்யலாம்?
– வாசகர், இராமேசுவரம்

புதிதாக எழுதுவதை நிறுத்துங்கள், பழையதைத் திருத்துங்கள். உங்களோடு சண்டை போட்டவர் மேல் தவறில்லை.

2022 டிசம்பர் 23 முதல் பழைய பாம்பன் பாலத்தின் மேல் இரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப்பாலம் திறக்கப்படும்வரை, ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டு, யாத்திரிகர்கள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. எங்கே இறங்குவது, எந்த நேரத்துக்குப் பேருந்து, வயதானவர்களை எப்படி அழைத்து வருவது என்று வட மாநிலத்துக் குடும்பங்கள் திண்டாடியபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிய தெளிவான பக்கம் கைகொடுத்தது. அது உங்கள் திறமை. ஆனால் நிலைமை மாறிய அன்றே அந்தப் பக்கத்தை மாற்றியிருக்க வேண்டும். செய்தித்தாளைப் போல் நேற்றைய கட்டுரை பழையதாகிப் பரணுக்குப் போவதில்லை. இணையத்தில் அது இன்றைய செய்தியைப் போலவே முகங்காட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்பது கட்டுரை எழுதியவருக்கு நாற்பதையும் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துவிடுகிறது என்பதை வலைப்பூவை விற்பவர்கள் சொல்வதில்லை.

மற்றக் கட்டுரைகளின் தலைப்புகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். 'இராமேசுவரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்', 'தனுஷ்கோடியின் வரலாறு' போன்றவற்றுக்கு இனி ஆள் வருவது கடினம். 2024 ஆகஸ்டு முதல் கூகுள் இந்தியாவிலும் பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையை முடிவுகளின் தலையிலேயே காட்டுகிறது. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி அறிய விரும்புபவர் அங்கேயே படித்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் விடுதியின் தளத்துக்கு வர அவருக்குக் காரணமில்லை. அவர் அறை எடுப்பவராக இருக்கும் வாய்ப்பும் தொடக்கத்திலிருந்தே குறைவு. உங்கள் மகன் சொல்வது இவ்வளவுக்குச் சரி.

ஆனால் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் எத்தனை நாள் முன்பே அறைகள் நிரம்பிவிடும், அக்கினி தீர்த்தத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆட எவ்வளவு நேரம் பிடிக்கும், ஈர உடையை மாற்ற உங்கள் விடுதிக்குத் திரும்பி வந்து போகும் தொலைவு எவ்வளவு, விடியற்காலை இரயிலில் வந்து இறங்கினால் அறை கிடைக்கும்வரை பெட்டிகளை வைக்க இடமுண்டா, அரிச்சல்முனைக்குப் போகும் வண்டிகளை மாலையில் எப்போது நிறுத்துகிறார்கள் என்பவற்றை உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவரைவிட வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது. நாற்பதையும் ஐந்தாறு பக்கங்களாகச் சுருக்குங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்று தேதி போடுங்கள். இரயில், பேருந்து நேரம் மாறும்போதெல்லாம் அந்தத் தேதியும் மாற வேண்டும். அந்த ஐந்தாறில் ஒன்றையாவது இந்தியில் எழுத வையுங்கள். உங்கள் அறைகளில் தங்குவோர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பதிவேட்டைப் புரட்டினால், தெலுங்கிலும் வங்காளத்திலும் எழுதுவது பயன் தருமா என்பதும் தெரிந்துவிடும்.

*

கீழக்கரையில் உம்மா காலத்திலிருந்து வீட்டிலேயே தொதல் கிண்டி விற்கிறோம். வாட்ஸ்ஆப்பில் முந்நூறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். இன்ஸ்டாகிராமிலும் படம் போடுகிறோம். காக்கா (அண்ணன்) மகன், இதெல்லாம் போதாது, தளமும் வலைப்பூவும் வேண்டும் என்கிறார். பெருநாள் சமயத்தில் வரும் ஆர்டரையே எங்களால் முடிக்க முடியவில்லை.
– வாசகி, கீழக்கரை

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. தேங்காய்ப்பாலையும் மாவையும் கருப்பட்டியையும் சேர்த்துக் கைவிடாமல் மணிக்கணக்கில் கிண்டுகிற பலகாரத்தை, கூடுதலாக ஆள் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரே நாளில் இரட்டிப்பாக்க முடியாது. இருக்கும் ஆர்டரைத் திருப்பியனுப்பிக்கொண்டிருக்கும் கடை புதிய வாடிக்கையாளரைத் தேடி எழுதுவது வீண் வேலை. இன்னொரு அடுப்பும் ஆளும் சேர்க்கும் எண்ணம் வரும்போது வலைப்பூவைப் பற்றி யோசியுங்கள்.

காக்கா மகன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் செயலியை அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்களை ஒரே இரவில் இழந்தார்கள். கடைகளுக்காகத் தானே இலவசமாக அமைத்துக் கொடுத்த எளிய தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பிறர் இடத்தில் போட்ட கடையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். ஆகவே முதற்கட்டமாக இரண்டே காரியம் செய்யுங்கள். முந்நூறு பேரின் பெயர், எண், கடைசியாக வாங்கிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; கைப்பேசி தொலைந்தாலும் அது இருக்கும். அடுத்ததாக, உங்கள் பெயரிலேயே ஒரு முகவரியைப் பதிந்து ஒரே ஒரு பக்கம் போடுங்கள். கீழக்கரைத் தொதல் என்றால் என்ன, என்னென்ன சேர்த்துச் செய்கிறோம், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எப்படி ஆர்டர் கொடுப்பது, உணவு உரிம எண் என்ன என்பவை அதில் இருந்தால் போதும். சாப்பிட்டவர் இன்னொருவருக்கு அனுப்ப ஒரு சுட்டி கிடைக்கும். அதற்குமேல் மாதந்தோறும் எழுத அந்தப் பலகாரத்தைப் பற்றி என்ன இருக்கிறது?

*

தங்கச்சிமடத்தில் படகு இயந்திரங்கள் பழுது பார்க்கிறேன். எனக்கு வலைப்பூ வேண்டுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

வேண்டாம். உங்களைத் தேடுபவர் கடலில் இயந்திரம் நின்றுபோய்க் கரைக்கு இழுத்து வரப்பட்டவர். அவர் கட்டுரை படிக்கமாட்டார், பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்பார். கூகுள் வரைபடத்தில் பட்டறை சரியான இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா, எண் சரிதானா, எந்தெந்த இயந்திரங்களைப் பார்க்கிறீர்கள் என்பது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், பெரிய வேலைகளுக்கு அப்போது எப்படி முன்பதிவு செய்வது என்பதையும் அங்கேயே இரண்டு வரியில் போட்டுவிடலாம்.

*

ஆர்.எஸ்.மங்கலத்தில் முண்டு மிளகாய் பயிரிட்டு நேரடியாக விற்கிறோம். எனக்குக் கோவையாக எழுத வராது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று ஐந்து நிமிடத்தில் கட்டுரை எழுதித் தருகிறது; படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே ஏற்றிவிடலாமா?
– வாசகர், ஆர்.எஸ்.மங்கலம்

நீங்கள் இணைத்திருந்த கட்டுரையைப் படித்தேன். பிழையில்லாத நடை. ஆனால் இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, குண்டாக இருக்கும், தாளிப்புக்கு ஏற்றது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரையை உங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் அதே செயலியிடம் கேட்டு வாங்கிப் போடலாம். உங்களிடம் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை.

எழுத வராது என்கிறீர்கள், பேச வருமே. கைப்பேசியில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தரும். கடையில் நின்று கேட்பவரிடம் சொல்வதுபோல், இந்த ஆண்டு ஐப்பசி மழை எப்படி இருந்தது, எத்தனை பறிப்புக் கிடைத்தது, களத்தில் எத்தனை நாள் காய்ந்தது, சொத்தை இல்லாமல் எப்படிக் கழித்தீர்கள் என்று பத்து நிமிடம் பேசுங்கள். அதன் பிறகு அந்தச் செயலியிடம் கொடுத்து, சேர்க்காதே, எழுத்துப்பிழையை மட்டும் திருத்து என்று சொல்லுங்கள். திருத்தியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவும் வேண்டும். நீங்கள் சொல்லாத அளவோ ஆண்டோ நுழைந்திருந்தால் காதில் பட்டுவிடும். வெளி மாநில வியாபாரிகளுக்காக ஆங்கிலத்தில் மாற்றித்தரவும் அதைப் பயன்படுத்தலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

புவிசார் குறியீட்டின் முத்திரையைத் தளத்தில் போடுவதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. களத்தில் மிளகாய் காயும் படத்தை நீங்களே எடுத்துப் போடுங்கள், கடன் வாங்கிய படம் வேண்டாம். அனுப்பியிருந்த மூன்று படங்களில் இரண்டாவது நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் அடுக்கியிருக்கும் சாக்குகளில் ஏதோ ஒரு வியாபாரியின் பெயரும் கைப்பேசி எண்ணும் பெரிதாகத் தெரிகின்றன. சாக்கைத் திருப்பிப்போட்டு இன்னொரு முறை எடுங்கள்.